கோடியக்கரையில் ஒரு பகல்

வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கி வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே கண்ணுக்கெட்டிய வரை உப்புச் சதுப்பு. இந்த மூன்றுக்கும் நடுவே கொஞ்சம் காடும் கொஞ்சம் புல்வெளியும். காலையில் வெளிமான், உச்சிப்பொழுதில் கோயில், மாலையில் பூநாரை என்று எல்லாவற்றையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல உலாவிடம் இல்லை என்பது என் கட்சி.

இந்த முறை காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினோம். காணும் பொங்கலன்று போனால் கூட்டம்தான் இருக்கும். மான்கள் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். வண்டியில் ஐந்து பேர். ஓட்டியது என் தம்பி. அவன் பக்கத்தில் என் கணவர். பின்னால் நான், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், என் மாமியார். தம்பியிடம் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் உண்டு. மகளிடம் நீண்ட ஜூம் வைத்த சிறிய கேமரா. கணவர் கைபேசியிலேயே எடுப்பார். அத்தை எதையும் எடுக்க மாட்டார். ஆனால் எந்த விலங்கையும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் பார்ப்பவர் அவர்தான்.

இருட்டோடு புறப்பட்டால் திருத்துறைப்பூண்டி தாண்டும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கும். தை மாதத்தில் அந்தச் சாலையின் இரு பக்கமும் சம்பா அறுவடைக்கு நிற்கும். சில வயல்களில் அறுப்பு முடிந்து வைக்கோல் சுருட்டிக் கிடக்கும். வேதாரண்யத்தை நெருங்க நெருங்க நெல் குறைந்து மணல் ஏறும். தென்னை, மா, முல்லைத் தோட்டங்கள். பிறகு அகத்தியம்பள்ளி. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் பாதை இங்கே முடிகிறது. பல ஆண்டுகள் ரயில் ஓடாமல் கிடந்து, அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்ட பாதை இது. அதற்கு அப்பால் உப்பளங்கள், கோடியக்காடு, கோடியக்கரை.

வாசலில் வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டோம். ஒரு காவலர் கூட வந்தார். இங்கே வருகிறவர்கள் அவசியம் ஒரு காவலரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வேன். வழி காட்டுவதற்காக மட்டுமல்ல. நேற்று எந்தக் கூட்டம் எங்கே மேய்ந்தது, எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும்.

கோடியக்கரை 1967-ல் சரணாலயமானது வெளிமான்களுக்காகத்தான். தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு, சத்தியமங்கலம் என்று சில இடங்களில்தான் இந்த மான் மிஞ்சியிருக்கிறது. மற்ற மான்கள் ஆபத்தென்றால் மரங்களுக்குள் பாய்ந்து மறையும். வெளிமான் நேர்மாறு. அதற்குத் திறந்த வெளிதான் பாதுகாப்பு. தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்து, கால்களின் வேகத்தால் தப்பிக்கிற விலங்கு அது. மணிக்கு 80 கி.மீ. வரை ஓடும். பார்வையும் ஓட்டமும் பயன்பட வேண்டுமானால் எதிரே மறைப்பு இருக்கக் கூடாது. ஆகையால் புல்வெளி சுருங்கினால் வெளிமானுக்கு இரை மட்டும் குறைவதில்லை, காவலே குறைகிறது.

புல்வெளியின் ஓரத்தில் வண்டியை நிறுத்தியபோது வெயில் சாய்வாக விழத் தொடங்கியிருந்தது. விலங்குகளைப் படமெடுக்க வண்டியை விட நல்ல மறைவிடம் கிடையாது. மனித உருவம் இறங்கி நடந்தால் மிரளும் மான், நிற்கிற வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பித் தைத்த ஒரு மஞ்சள் பையை அதன் மேல் வைத்து, லென்ஸை அதில் அழுத்திக்கொண்டால் கை நடுக்கம் படத்தில் தெரியாது. முக்காலியை விரித்து நிறுத்துகிற வேலையும் சத்தமும் மிச்சம். இஞ்சினை அணைத்துவிட வேண்டும். அது ஓடினால் அதன் அதிர்வு படத்தில் விழும்.

முதலில் கூட்டத்தைக் கண்டது அத்தைதான்.

"ஏ பாப்பா, அந்தப் புதருக்கு இந்தாண்ட பாரு. ஒண்ணு படுத்திருக்கு, மத்ததெல்லாம் நிக்குது."

மகளுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. வெளிறிய மண் நிறத்தில் பெண் மான்கள், கொம்பில்லாதவை. அவற்றுக்கிடையே இன்னும் நிறம் மாறாத இளம் ஆண்கள், கொம்பு முறுக்கத் தொடங்கிய வயது. கூட்டத்தை விட்டுத் தள்ளி, தனியாக ஒரு கலைமான். முதுகும் கழுத்தின் வெளிப்புறமும் கறுத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறக்கும்போது எல்லா ஆண்களும் பெண் மானின் நிறத்தில்தான் இருக்கும். வயது ஏற ஏறத்தான் கறுப்பு கூடும்.

மகள் கேமராவைத் தூக்கினாள். அத்தை அவள் தோளைத் தொட்டார்.

"காதைப் பாரு. ரெண்டு காதும் ஒண்ணா நம்ம பக்கம் திரும்புச்சுன்னா அதுக்கு நம்ம வந்தது புடிக்கலன்னு அர்த்தம். மாமாகிட்ட வண்டிய இதுக்கு மேல நகத்த வேண்டாம்னு சொல்லு."

"மாடு மாதிரியா அப்பாயி?"

"எல்லாத்துக்கும் காதுதான்."

அத்தை மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். விலங்குப் படமெடுப்பு பற்றிய எந்த வகுப்பிலும் முதல் பாடமாக வைக்கலாம் அவர் சொன்னதை. மேய்கிற மான் தலையைத் தூக்கினால் அது நம்மைக் கவனிக்கிறது. காதும் கண்ணும் நம் மேல் நிலைத்து, முன்னங்காலை ஒருமுறை தட்டினால் கிளம்பப் போகிறது. அதற்கு முன்பே நாம் நின்றுவிட வேண்டும். மான் துள்ளி ஓடும் படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக ஒரு கூட்டத்தை மேய்ச்சலிலிருந்து கிளப்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. குட்டியோடு இருக்கும் பெண் மானுக்கு அந்த ஓட்டம் ஒரு காலைச் சாப்பாட்டின் விலை.

நாங்கள் அசையாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் காதுகள் வெவ்வேறு பக்கம் பிரிந்தன. தலைகள் குனிந்தன. அதன் பிறகுதான் அந்தக் கலைமானின் நடத்தையைப் பார்க்க முடிந்தது. அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றது. காவலர் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"அது அவன் எல்லைங்க. கீழ பாருங்க, புழுக்கை குமிஞ்சு கெடக்கும். அதே எடத்துலதான் வந்து போடுவான். கண்ணுக்குக் கீழ ஒரு பை மாதிரி இருக்குல்ல, அதைப் புல்லு நுனியில தேச்சு வாசனை வெப்பான். வேற ஆம்பள உள்ள வந்தா சண்டைதான்."

அவர் சொன்னபடியே நடந்தது. கூட்டத்திலிருந்து பெண் மான்கள் இரண்டு அந்தப் பக்கமாக நகர்ந்ததும் கலைமான் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்புகள் முதுகோடு படியும்படி தலையைச் சாய்த்து, காதுகளைத் தொங்கவிட்டு, வாலை மேலே சுருட்டிக்கொண்டு நடந்தது. கண்ணுக்குக் கீழிருந்த சுரப்பி விரிந்து ஒரு கரும்பிளவு போலத் தெரிந்தது. பெண்கள் சட்டை செய்யாமல் மேய்ந்தன. தம்பியின் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

படத்தைப் பார்ப்பதற்காக இடைவெளி விட்டபோது தம்பி பின்திரையைக் காட்டினான். 300 மி.மீ.யில் இழுத்து, சட்டம் முழுக்க மானின் தலையும் கொம்பும். இமை மயிர் கூடத் தெரிந்தது. அழகான படம்தான். ஆனால் அவனிடம் நான் கேட்டேன், "இது கோடியக்கரைன்னு இதைப் பார்த்து யாருக்குத் தெரியும்?"

இதை நான் பல நாளாகவே நினைத்துவருகிறேன். கலைமானின் முகத்தை நெருங்கிக் காட்டும் படங்கள் உலகத்தில் ஏராளம். எங்களுடையதை விடப் பத்து மடங்கு விலையுள்ள லென்ஸ்களால், மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தவை. குடும்பத்தோடு ஒரு நாள் வந்து போகிறவர்கள் அந்தப் போட்டியில் இறங்கத் தேவையே இல்லை. நம்மால் மட்டுமே எடுக்க முடிகிற படம் ஒன்று உண்டு. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நிலத்தை, வருஷா வருஷம், அதே இடத்தில் நின்று, அதில் வாழும் உயிர்களோடு சேர்த்து எடுக்கும் படம். வெளியூரிலிருந்து ஒருமுறை வந்துபோகும் நிபுணருக்கு அது கிடைக்காது. மான் சட்டத்தின் ஒரு மூலையில் சிறிதாக நிற்கட்டும். மீதி இடத்தில் புல் தெரியட்டும், புல்லை நெருக்கிக்கொண்டு வரும் கருவைப் புதர் தெரியட்டும், பின்னால் காட்டு விளிம்பு தெரியட்டும்.

மா. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்த பிறகு இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1996-ல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டும் படமெடுத்துக்கொண்டும் இருந்தவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அவருடைய யானை வெறும் யானையாக நிற்காது. அது எந்தப் புல்லில், எந்த ஓடைக்கரையில், எந்தக் கூட்டத்தோடு நிற்கிறது என்பதும் படத்தில் இருக்கும். தமிழிலும் அருமையாக எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலை மகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி லென்ஸைச் சுருக்கி 70-க்குக் கொண்டுவந்தான். அப்போதுதான் இடது ஓரத்தில் குதிரைகள் சட்டத்துக்குள் வந்தன.

கோடியக்கரையில் குதிரை என்பதைப் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் வளர்ப்பு விலங்குகளாக இருந்து, கைவிடப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே பெருகிவிட்ட மட்டக் குதிரைகள். வளர்ப்பவர் இல்லாமல் பிடரி சடை பிடித்துத் தொங்க, கூட்டமாக மேயும் அவற்றைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மகள் மானை விட்டுவிட்டு அவற்றையே எடுக்க ஆரம்பித்தாள். ஆனால் மான் மேயும் அதே புல்லைத்தான் குதிரையும் மேய்கிறது. ஒரு குதிரையின் வயிற்றுக்கு எத்தனை மானின் புல் வேண்டும்? அது மட்டுமல்ல, சீமைக் கருவேலத்தின் இனிப்பு நெற்றுகளைக் குதிரைகள் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். இப்படித் திறந்த வெளிக்குள் கருவை நடந்து வருகிறது. வனத்துறை அதை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறது, அதுவும் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

குதிரையை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று எழுதுவது சுலபம். அந்தக் காலை, தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் குடித்த குதிரைக் குட்டியை என் மகள் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். இரண்டு உயிருக்கும் இரக்கப்பட இடமிருக்கிறது. ஆனால் வெளிமானுக்கு இந்தக் கரையில் போக வேறு புல்வெளி இல்லை. ஆகையால் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் நான் மானின் பக்கம்தான் நிற்பேன். கலைமானும், அதற்குப் பின்னால் குதிரைகளும், வலப்பக்கம் கருவையும் ஒருசேர விழுந்த தம்பியின் அந்தப் படத்தில் இந்த வழக்கு முழுவதும் இருக்கிறது.

அடுத்து ராமர் பாதம். ராமன் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தான் என்பது ஐதீகம். மணல் மேட்டின் மேல் சிறிய மண்டபம். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். அதுவே இந்தத் தட்டை நிலத்தில் பெரிய மலை. மேலே ஏறினால் காட்டின் தலை தெரியும். பாலை, வீரை, காயா, நாவல் என்று குட்டையாக, இலை தடித்து, கடற்காற்றில் முடி வெட்டியது போல் ஒரே மட்டமாக வளர்ந்த காடு. மழைக்காடும் இல்லை, முட்காடும் இல்லை. வறண்ட மாதங்களிலும் பச்சை மாறாத இந்தக் காட்டு வகை ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையோரம் பரவலாக இருந்தது. இன்று கோயில் காடுகளாகவும் இதுபோன்ற துண்டுகளாகவும்தான் எஞ்சியிருக்கிறது.

இங்கே நாங்கள் எப்போதும் ஒரே தூணை ஒட்டி நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். குடும்பம் முன்னால், காடு பின்னால். முதல் படங்களில் மகள் என் இடுப்பில் இருப்பாள். அந்தப் படங்களில் பின்னணி ஒரே பச்சை விரிப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. மான்களும் குதிரைகளும் செத்துக் கரையொதுங்கின. நூறாண்டு நின்ற பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் பக்கத்தில் வீடு இழந்தவர்களும் தென்னந்தோப்பு இழந்தவர்களும் இருந்ததால் காட்டை நினைக்க அப்போது யாருக்கும் நேரம் இல்லை. வெகு நாள் கழித்து வந்து எடுத்த படத்தில் நாங்கள் நான்கு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் இலையே இல்லாத சாம்பல் நிறக் கிளைகள் அடிவானம் வரை. எடுக்கும்போது எங்கள் முகங்களைத்தான் பார்த்தோம். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை.

இந்த முறை எடுத்ததை அவற்றோடு கைபேசியில் வைத்துப் பார்த்தோம். பச்சை பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் விரிப்பு பழையபடி ஒரே மட்டமாக இல்லை. பெரிய மரங்கள் விழுந்த இடங்களில் பள்ளம். பள்ளங்களில் வெளிர்பச்சையாகக் கருவை. மகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டியபோது அவள் தானாகவே அடுத்த வருஷத்துக்காக அந்தத் தூணையும் நாங்கள் நின்ற இடத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் வேதாரண்யம் திரும்பினோம். உச்சி வெயிலில் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். வெளியே நிற்பவற்றின் மேலும் கண்ணுக்குக் கீழ் கறுப்பு நிழல் விழும். அந்த நேரம் அத்தைக்கு உரியது. அப்பரும் சம்பந்தரும் கதவு திறக்கவும் மூடவும் பாடிய திருமறைக்காடு இது. அம்பாளின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். இங்கே சரஸ்வதி கையில் வீணை கிடையாது. பேத்தியைத் தூணருகே உட்கார வைத்து அத்தை எலியின் கதையைச் சொன்னார். அணையப் போன விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலியின் மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட்டதாம். அறியாமல் செய்த அந்தப் புண்ணியத்துக்கு எலி மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம். காலையில் மானைப் பார்த்த அதே கவனத்தோடு மகள் அதைக் கேட்டாள்.

கட்டுச்சாதத்தைக் கோயிலுக்கு வெளியே ஒரு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் பிரித்தோம். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு. காட்டுக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒரு வாழைப்பழத்தைக் காட்டிக் குரங்கைப் பக்கத்தில் வரவழைத்துப் படமெடுப்பதைப் பல குடும்பங்கள் செய்கின்றன. அந்தக் குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருப்பதைப் பிடுங்கும். அப்புறம் அதையே கூண்டு வைத்துப் பிடிப்பார்கள்.

பிறகு அகத்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, தஞ்சை மாவட்டம் வழியாக வந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார். கணவர் வரலாற்று ஆசிரியர். அவர் எடுத்த படம் தூணையும், அதற்குப் பின்னால் மழைக்குப் பிறகு பாத்தி வரப்புகளைச் சீர் செய்துகொண்டிருந்த உப்பளத் தொழிலாளர்களையும் சேர்த்தே காட்டுகிறது. அவருக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாலை, சதுப்பு.

காவிரிக் கிளைகளின் கடைசித் தண்ணீரும் மழைநீரும் கடல் நீரும் வந்து கலக்கும் ஆழமற்ற பரப்பு இது. காற்று ஒரு பக்கமாக வீசினால் தண்ணீரே மறுபக்கம் தள்ளப்பட்டு, காலையில் நீராக இருந்த இடம் மாலையில் சேறாகிவிடும். பறவைகளும் அதற்குத் தக்கபடி நகரும். அதனால்தான் "எங்கே பூநாரை இருக்கும்?" என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் முதலில் காற்றைப் பார்க்கிறார்கள். 2002-ல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலாவது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இது ஒன்றுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் இங்கே முகாமிட்டு, வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவித்தார்கள். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும் முன் இத்தனை தூரம் பறந்து வந்து நம் உப்பு வரப்பில் இரை பொறுக்குகிறது. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் அந்தச் சின்னப் பறவையை நம்பாத கண்ணோடு திரும்பப் பார்த்தாள்.

தூரத்தில் வெள்ளையும் ரோஜாவுமாக ஒரு நீண்ட வரி. பூநாரைகள். கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நீரை உறிஞ்சி வடித்து, அதில் உள்ள நுண்பாசியையும் சிறு இறால்களையும் உண்கின்றன. அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகின் சிவப்பாகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். கச்சின் ரண் பாலைவெளியில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் பறவை இது. முன்பெல்லாம் கோடியக்கரைக்குப் பல்லாயிரக்கணக்கில் வந்தது. அன்று நாங்கள் பார்த்தது சில நூறு இருக்கும். அந்த வரியைப் பார்த்து மகிழ்ச்சியும், முன்பு எப்படி இருந்தது என்பதைக் கேட்டறிந்த ஏக்கமும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன.

அவ்வளவு தூரத்தில் லென்ஸ் ஒன்றும் உதவாது. சேற்றிலிருந்து எழும் வெப்பக் காற்று ஒளியை வளைப்பதால் நீண்ட ஜூமில் பறவைகள் தண்ணீரில் கரைந்த சாயம் போல நெளியும். விலை உயர்ந்த கேமராவாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. சூரியன் தாழ்ந்து நிலம் ஆறும் வரை காத்திருப்பது ஒன்றே வழி. தம்பி லென்ஸைச் சுருக்கி அகலமாகவே எடுத்தான். முன்னால் உமரி படர்ந்த கரை, நடுவே பூநாரை வரி, பின்னால் வெண்மையாக உப்புக் குவியல்கள்.

அப்போது கரையோரச் சேற்றிலிருந்து நீண்ட நேரான அலகுள்ள ஒரு கூட்டம் கிளம்பியது. மகள் கேமராவைத் தூக்கிச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். முடிவில் ஒரே மங்கல். தலை எது, கால் எது என்று பிரிக்க முடியாத படம். அழிக்கப் போனவளை நிறுத்தினேன்.

பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2015-ல் தொடங்கியது. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் ஏற்றுவோம். திரும்பும் வழியில் வண்டிக்குள் பட்டியலைச் சரிபார்த்தோம். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, ஆலா, செம்பருந்து, பனங்காடை எல்லாம் சண்டையில்லாமல் ஏறின. அந்த நீண்ட அலகுக் கூட்டம் மட்டும் நின்றது. தம்பி பட்டைவால் மூக்கன் என்றான். காவலர் அப்படி ஏதோ சொன்னதாக அவனுக்கு நினைவு. மகள் கருவால் மூக்கன் என்றாள்.

"எப்படி சொல்ற?"

"இருங்க மாமா."

அவள் அந்த மங்கல் படத்தை விரலால் விரித்தாள். இறக்கையின் குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை ஓடியது. வாலின் நுனி கறுப்பு. பட்டைவால் மூக்கனுக்கு இறக்கையில் அந்த வெள்ளை கிடையாது. படம் எவ்வளவு கலங்கியிருந்தாலும் அந்தப் பட்டை கலங்கவில்லை.

"கருவால் மூக்கன்தான்," என்று தம்பி ஒப்புக்கொண்டான்.

"எத்தனைன்னு போட?" என்று கேட்டேன். அவள் எண்ண ஆரம்பித்தாள். முப்பதைத் தாண்டும்போது வண்டி குலுங்கி, முதலிலிருந்து எண்ணினாள்.